பிரவீனாவுக்கு ஒரு காய்ச்சல் வேண்டும்

மிதுனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது. பிரவீனாவுக்கு வயிறு எரிந்தது.

தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்கா பாவப்படத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முதல் இரண்டு முறை பிரவீனாவும் பாவப்பட்டாள். ஆனால் மிதுனுக்கு மாசம் தவறாமல் காய்ச்சல் வந்தது. வந்த உடனே அவன் ராஜா ஆகிவிட்டான்.

உள் அறையில் இருக்கும் கட்டில் டி.வி.க்கு எதிரே வந்துவிடும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு பல்லடம் போய் ரொட்டி, பன், சாத்துக்குடி என்று பை நிறைய வாங்கி வருவார். வீட்டுப்பாடம் கிடையாது. தண்ணீர் வேண்டுமானால் லேசாக ஒரு முனகல் போதும், சொம்பு தேடி வரும். அந்தச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் பிரவீனா.

"அக்கா, கொட்டையை எடுத்துப்போட்டுக் குடு" என்று கண்ணைத் திறக்காமலே சாத்துக்குடியை நீட்டுவான். அவன் படிப்பது மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் ஊர்த் தலைவர் பேசுவதைப்போல இருக்கும்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிரவீனாவுக்கோ காய்ச்சலே வருவதில்லை. மழையில் நனைந்து பார்த்தாள், வரவில்லை. ஐஸ் வாங்கித் தின்று பார்த்தாள், தும்மல்கூட வரவில்லை. இதில் அம்மாவுக்குப் பெருமை வேறு. "என்ற புள்ளைக்கு ஒரு நோவு நொடி வந்ததில்லைங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். "பொட்டப்புள்ளைக ஒடம்பு எதையும் தாங்குமுங்க. பசங்களுக்குத்தான் தாங்காது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் பிரவீனாவுக்குக் கோபம் வரும். தாங்குகிற உடம்பு வேண்டும் என்று அவள் யாரிடம் கேட்டாள்?

அப்பாவின் உடம்பும் தாங்காத உடம்புதான். போன மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம் பிடித்து நாலு நாள் படுத்திருந்தார். அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வேளைக்கு வேளை மிளகு ரசம் வந்தது. பிரவீனாவுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

இந்த முறை மிதுனுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு இன்னொரு நாள் படுத்திருந்தான். இது பிரவீனாவுக்குப் பொறுக்கவில்லை. வருகிற காய்ச்சலுக்காகக் காத்திருந்து பயனில்லை, நாமே வரவழைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. பிரவீனா ஒரு டம்ளரில் வெந்நீர் மொண்டு, அப்பா மிதுனுக்காக வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டரை அதில் நனைத்தாள். பாதரசம் விறுவிறுவென்று கடைசி வரைக்கும் ஓடிவிட்டது. அவ்வளவு காய்ச்சல் இருந்தால் ஆள் பிழைக்கவே முடியாது. பயந்துபோய் அதை உதறினாள். தண்ணீரைக் கொஞ்சம் ஆறவைத்து மறுபடி நனைத்தாள். நூற்றிரண்டு. அளவான, அழகான காய்ச்சல்.

அப்பா தெர்மாமீட்டரை டியூப்லைட் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைத் தொட்டார். நெற்றி சுடவில்லை. பிரவீனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இது உள்காய்ச்சல்" என்றார் அப்பா கவலையாக. "தொட்டாத் தெரியாது. மோசமான காய்ச்சலாக்கும்."

காய்ச்சலே வராத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால் உபசாரம் பலமாக இருந்தது. பன் வந்தது, ரஸ்க் வந்தது, மிதுனுக்கு வந்ததைவிடப் பெரிய திராட்சைக் கொத்து வந்தது. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்ற மிதுன் அந்தக் கொத்தையே பார்த்தான்.

"எனக்கு ரஸ்க் வாங்கவே இல்லீங்களே" என்று முணுமுணுத்தான். பிரவீனா கண்ணைத் திறக்காமலே ஒரு ரஸ்க்கைக் கடித்தாள். அந்த 'கறுக்' சத்தம் அவன் காதில் விழ வேண்டும் என்றே நன்றாகக் கடித்தாள்.

மிதுன் பள்ளிக்கூடம் போனான். அப்பா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறி செட்டுக்குப் போனார். அங்கே நாலு விசைத்தறிகள் ஓடுகின்றன. தறியில் குறுக்கே ஓடும் நாடா என்கிற மரக்கட்டைக்குள் நூல் சுற்றிய ஒரு குச்சி இருக்கும். அதற்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். நாலு தறிக்கும் மிஷினில் தார் சுற்றிப் போடுவது அம்மாவின் வேலை. அது போகத்தான் சமையல், துவைப்பு, மாட்டுக்குத் தண்ணீர் எல்லாம்.

பிரவீனா டி.வி. பார்த்தாள். ஒரு விளம்பரம் வந்தது. அதில் வரும் அப்பாவுக்கு முதுகுவலி. அம்மா ஓடிவந்து தைலம் தேய்த்தாள். பையனுக்குச் சளி. அம்மா ஓடிவந்து அவனுக்கும் தேய்த்தாள். தைலம் தேய்க்கத் தேய்க்க அந்த அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாவுக்கு யார் தேய்ப்பார்கள் என்பதைக் காட்டுவதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

அப்போது பிரவீனாவின் அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

"சூடே இல்லையே கண்ணு. சில்லுனு இருக்குது."

மாட்டிக்கொண்டோம் என்று பிரவீனா நினைத்தாள். ஆனால் அடுத்த நொடி அவளுக்கு வேறொன்று புரிந்தது. நெற்றி மேல் இருந்த கை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப்போலச் சுட்டது. அந்தக் கைக்கு எதைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும்.

அம்மா நகர்ந்து போய், மிதுனுக்கு வாங்கி மிஞ்சியிருந்த மாத்திரையில் பாதியை உடைத்து, நின்றபடியே விழுங்கினாள். வெளியே வெயில் கொளுத்தியது. அம்மாவோ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தார் மிஷினைப் பார்த்து நடந்தாள்.

பிரவீனா கூப்பிட்டுத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா சிரித்தாள். தனக்கு எதற்கு அதெல்லாம், வேலை கிடக்கிறது என்றாள். நீங்கள் வைத்துக்கொள்ளாவிட்டால் நான் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று பிரவீனா வாயை இறுக மூடிக்கொண்டாள். காய்ச்சல்காரப் பிள்ளை பட்டினி கிடக்கலாமா? வேறு வழியில்லாமல் அம்மா தெர்மாமீட்டரை வாயில் வைத்தாள்.

நூற்று மூன்று. வெந்நீர் எதுவும் இல்லாமலே நூற்று மூன்று.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிரவீனாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமைதான். எவ்வளவு நல்ல காய்ச்சல். இதை வைத்துக்கொண்டு எத்தனை சாத்துக்குடி தின்னலாம். அதைப் போய் அம்மா யாருக்கும் காட்டாமல் வீணடிக்கிறாரே என்று நினைத்தாள். அப்புறம்தான் அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. கண் சிவந்திருந்தது. இது எதையும் நேற்றும் முந்தாநாளும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மிதுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரவீனா கட்டிலை விட்டுக் குதித்து இறங்கினாள்.

"நீங்க படுங்கம்மா. எனக்குக் காய்ச்சலே இல்லீங்க. அது டம்ளர்ல இருந்த வெந்நீருக்கு வந்த காய்ச்சலுங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அம்மா திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரவீனா அவளை மெல்ல எழுப்பிக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையைப் போர்த்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு தறி நின்றது. அடுத்து இன்னொன்று நின்றது. பிறகு நாலும் நின்று வீடே அமைதியாகிவிட்டது. காலையில் தறி நின்று பிரவீனா கேட்டதே இல்லை.

தார் எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டே அப்பா வந்தார். வந்தவர் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார். படுத்திருக்க வேண்டியவள் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருக்க வேண்டியவள் படுத்திருந்தாள்.

பிரவீனா தெர்மாமீட்டரை நீட்டினாள். அப்பா பார்த்தார். கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று பலமாக உதறி, அம்மா வாயில் மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் நூற்று மூன்று.

"சாந்தாமணிக்கெல்லாம் காய்ச்சல் வராதே" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுவதைப்போல.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க, இதோ வாரேன்."

"சரி, ஒரு அரை மணி நேரம் படுத்திருந்துட்டு வா" என்றார் அப்பா. "நாளைக்குத் துணி போகோணும். ரெண்டு தறியாவது ஓட்டியாகோணும்."

அப்பாவை எதிர்த்துப் பிரவீனா பேசியதே இல்லை. ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பா, மிதுனுக்கு வந்தா மூணு நாளுங்க. உங்களுக்கு வந்தா நாலு நாளுங்க. அம்மாவுக்கு வந்த காய்ச்சல் மட்டும் அரை மணி நேரத்துல போயிருமுங்களா?"

அப்பா அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். தார் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, உடனே நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

"நூலை இறுக்கிப் புடிக்கறாரு. அறுந்துபோகுது" என்று அம்மா பதறி எழப் பார்த்தாள். பிரவீனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டாள். அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்தார். சட்டையெல்லாம் நூல், தலையிலும் நூல். "டாக்டர்கிட்டப் போலாம், கெளம்பு" என்றார்.

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். பையனுக்கு வந்த அன்றைக்கே தனக்கும் லேசாக வந்தது என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அப்பாவுக்கு அது அன்றுதான் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது டைபாய்டு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சொல்லும்வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அவர் சொன்னது அம்மாவைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்து.

வரும் வழியில் அப்பா கடையில் வண்டியை நிறுத்தினார். அம்மாவுக்கு என்ன பழம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவளிடமே கேட்டு மாதுளை வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பிரவீனாவைப் பார்த்து, "ஏன் கண்ணு, உன்ற உள்காய்ச்சல் என்னாச்சு?" என்றார்.

"அது வெளியே போயிருச்சுங்க" என்றாள் பிரவீனா, தரையைப் பார்த்துக்கொண்டு. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீடு ஒரு வழியாகிவிட்டது. அப்பா வடித்த சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் அரிசியாகவே இருந்தது. நாலு தறியில் இரண்டுதான் ஓடின. தார் சுற்றுவது இவ்வளவு சிரமம் என்று நீ சொல்லவே இல்லையே என்று அப்பா கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்று அம்மா சொன்னாள். மிதுன் சொம்பு தூக்கினான். அம்மாவுக்கு மட்டும் மாதுளையா என்று முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிரவீனா அவனைத் தனியாகக் கூட்டிப் போய் நாலு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு அவனே முத்துக்களை உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுக்கொடுத்தான்.

அம்மாவுக்குத்தான் படுக்கத் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் எழுந்தாள், மாடு கத்தினால் எழுந்தாள். பிரவீனா காவல்காரியைப்போல நின்று படுக்கவைத்தாள். போகப்போக அம்மா பழகிக்கொண்டாள். மாசாணியம்மாள் வீட்டிலிருந்து வாரப் பத்திரிகை வாங்கி வரச் சொல்லித் தொடர்கதை படித்தாள். டி.வி.யில் வந்த தமாஷ் காட்சியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குத் தொடர்கதை பிடிக்கும் என்பதே பிரவீனாவுக்குப் புதிய செய்தி.

ஒரு காலையில் பிரவீனா வழக்கம்போலத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இன்னைக்குக் காய்ச்சல் எத்தனை இருக்குது கண்ணு?"

அம்மா தொடர்கதைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். கதையில் இன்னும் ஏழெட்டுப் பக்கம் பாக்கி இருந்தது.

பிரவீனா தெர்மாமீட்டரை நன்றாக உதறி உறைக்குள் போட்டாள்.

"உள்ளுக்குள்ள இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும் போலிருக்குதுங்கப்பா" என்றாள்.