கயிற்றில் இரண்டு இழுப்பு

போன ஞாயிறு காலை பத்து மணிக்குக் கயிற்று மூட்டையோடு அந்த அடுக்குமாடி வாசலில் போய் நின்றேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி போகிற வழியில், பதினான்கு மாடிக் கட்டடம். வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பேர் வேம்புலி, ஊர் பாடி, வந்த வேலை பெயிண்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் அதே போர்டு இன்னும் தொங்கியது. 'வேலையாட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.'



அந்த போர்டுக்கும் போன வருடம் என் மச்சான் துலுக்கானம் செத்ததில் பங்கு உண்டு. மச்சான் என்றால் என் தங்கை சரசாவின் புருஷன். பதினோரு வருடம் என்னோடு கயிற்றில் கூட்டாளி. அவன் சுவரில் தொங்கி இடது கையால் பெயிண்ட் அடிப்பான், நான் மொட்டை மாடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்வேன். அந்தரத்தில் கத்தினால் காற்று தின்றுவிடும், அதனால் எங்களுக்குக் கயிறுதான் பேச்சு. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், என்னை இறக்கு. மேலேயிருந்து இரண்டு இழுப்பு வந்தால், ஏதோ விழுகிறது, மேலே பார்க்காதே, சுவரோடு ஒட்டிக்கொள்.

அன்றைக்குப் பெயிண்ட் தீர்ந்துபோனது. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு வாளி எடுக்கக் கீழே போனேன். லிஃப்டில் போயிருந்தால் ஐந்து நிமிடம். பதினான்கு மாடி இறங்கி, வாளியோடு திரும்ப ஏற அரை மணி நேரம் ஆனது. வந்து எட்டிப் பார்த்தபோது ஒன்பதாவது மாடி உயரத்தில் மச்சான் தலை கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் பிளந்திருந்தது. அவனை இறக்கிய இடத்தில், தரையில் கைக்கு அடக்கமான ஒரு வெள்ளைக் கூழாங்கல் கிடந்தது.

இரண்டு இழுப்பு கொடுக்க மேலே நான் இல்லை.

"பூந்தொட்டியிலேர்ந்து காத்துல விழுந்திருக்கும்" என்றார் அசோசியேஷன் செயலாளர் தட்சிணாமூர்த்தி. என்ன காற்று அது? கொடியில் காய்ந்த கைக்குட்டையைக்கூட அசைக்காமல் கல்லை மட்டும் தூக்கிப் போடுகிற காற்றா? எல்லா பால்கனியிலும் அதே தொட்டி, அதே வெள்ளைக் கல், எந்த வீடு என்று சொல்ல முடியாது என்றார். கேமரா ரிப்பேர் என்றார். வந்த போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டு, மச்சானின் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனார். சரசா அன்றிலிருந்து என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறாள்.

"எவன் போட்டான்னு கண்டுபுடிச்சிக் குடுண்ணா. அவன் என் மூஞ்சியப் பாத்து, 'நான்தான்'னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். மச்சான் விட்ட இடத்தில் சுவர் இன்னும் பழைய நிறத்திலேயே நிற்கிறது. அதற்கப்புறம் வந்த இரண்டு கோஷ்டி பாதி வேலையில் ஓடிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

தட்சிணாமூர்த்தி மொட்டை மாடிச் சாவியைக் கையில் வைத்தார். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடுங்க."

"நான் தொங்குற வரைக்கும் மாடிக்கு ஒருத்தரும் வரக்கூடாது சார். சாவி என் பாக்கெட்லதான் இருக்கும்."

கதவைப் பூட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மேலே ஆள் வேண்டாதபடி, நானே என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொள்ளும் மாதிரி கயிற்றைப் போட்டு இறங்கினேன். உச்சி வெயில், கண் கூசியது.

ஒன்பதாவது மாடிக்கு வந்ததும் சத்தம் நின்றுபோனது. ரயில் இல்லை, ரோட்டு ஹாரன் இல்லை. கொதிக்க வேண்டிய சுவர் கையில் சில்லென்று பட்டது. எங்கிருந்தோ ஜர்தாப் புகையிலை வாசனை வந்தது. மச்சான் எப்போதும் மெல்லுகிற அதே ஜர்தா.

கயிறு அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

மேலேயிருந்து.

மாடி பூட்டியிருக்கிறது. சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. ஆனால் பதினோரு வருடப் பழக்கம் யோசிக்க விடவில்லை. கன்னத்தைச் சுவரில் அழுத்தி ஒட்டிக்கொண்டேன். என் முதுகை உரசிக்கொண்டு ஒரு கல் கீழே போனது.

அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். பன்னிரண்டாவது மாடி பால்கனியில், செல்போன் பிடித்த ஒரு கை உள்ளே மறைந்தது. காலையில் நான் சாவி வாங்கிய செயலாளர் வீடு.

கிடுகிடுவென்று தரைக்கு இறங்கினேன். கல்லைப் பொறுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். எவன் தடுக்கிறான் பார்க்கலாம் என்று இருந்தது.

தட்சிணாமூர்த்திதான் கதவைத் திறந்தார். பின்னால் சோபாவில் அவர் மகன் ரோஹித் உட்கார்ந்திருந்தான். சின்னப் பிள்ளை இல்லை, கம்பெனி வேலைக்குப் போகிற தடிமாடு. முகம் வெளுத்திருந்தது.

கல்லை அவன் முன்னால் வைத்தேன். "இன்னாத்துக்குடா போட்ட?"

"சும்மா... பக்கத்துல போட்டா எப்படித் துள்றீங்கன்னு வீடியோ எடுக்க. மேல படணும்னு போடலை. அன்னிக்கும் அப்படித்தான்..."

"ரோஹித்! வாயை மூடு!"

அப்பனுக்கும் தெரியும். ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டே என் கையில் சாவியைக் கொடுத்து, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். படுபாவி.

"என் தங்கச்சி பாடியில கீறா. உன் புள்ளைய இட்டுகினு வா. அவ மூஞ்சியப் பாத்து 'நான்தான்'னு சொல்லட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

"யாரு என்ன சொன்னா? அவன் ஒண்ணும் சொல்லலை. வீடியோவும் அழிச்சாச்சு. வீடு புகுந்து மிரட்டுறேன்னு கம்ப்ளைண்ட் குடுப்பேன். வெளியில போய்யா!"

ரோஹித் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கூட வந்தவர் எங்க?" என்றான் மெல்ல.

"நான் தனியாத்தான் வந்தேன்."

"இல்ல. உங்களுக்கு மேல ஒருத்தர் தொங்கினார். நீங்க சுவத்துல ஒட்டிக்கிட்டீங்க. அவர் மட்டும் தலையைத் தூக்கி... என்னையே பாத்தார்."

தட்சிணாமூர்த்தி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கயிற்றை எடுக்க மாடிக்கு ஏறினேன். பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். தூணில் என் கயிறு தொளதொளவென்று கிடந்தது.

பக்கத்தில் இன்னொரு கயிறு.

இடது கைக்காரன் போட்ட முடிச்சு. துலுக்கானத்தின் முடிச்சு. போன வருடம் போலீஸ் எடுத்துக்கொண்டு போன கயிறு. கைப்பிடிச் சுவரைத் தாண்டி விறைத்து நின்றது. எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது மாடிக்குச் சற்று மேலே அதன் முனை தெரிந்தது. முனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கயிறு ஆள் எடை தாங்கி முறுமுறுத்தது.

கீழேயிருந்து ஒரு முறை இழுபட்டது.

ஒரே ஒரு இழுப்பு. என்னை இறக்கு.

போன வருடம் அவன் தொங்கியபோது நான் மேலே இல்லை. இப்போது இருந்தேன். முடிச்சைத் தளர்த்தி, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்தேன். துலுக்கானத்தின் எடை என் கைக்குத் தெரியும்.

"பாத்துப் போ, மச்சான்" என்று சொல்லிவிட்டு இறக்கினேன்.

பன்னிரண்டாவது மாடி வந்ததும் கயிற்றில் எடை இல்லாமல் போனது. கீழே பால்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.