மக்வாலாவின் பதியன்

திராட்சைக் கொடி பட்டுப்போய்க் காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு பதியன் எழுந்து நின்றது. மேலேயிருந்த ஏதோ ஒரு கொடியின் கிளையை வளைத்து, மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். நானுலி அதைப் போடவில்லை.

“ஏங்க, என் தோட்டத்துல பதியன் போட்டீங்களா?”

புருஷன் ரேவாஸ் அக்ரூட் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான். “மார்ச் மாசக் குளிர்ல எவன் போடுவான்? போன வருஷம் நீயே போட்டுட்டு மறந்திருப்பே.”

அவள் மறக்கவில்லை. கிளை வந்த வழியே ஏறிப் பார்த்தாள். அது மேல்சரிவிலிருந்து வந்தது. செத்துப்போன மூத்தாள் மக்வாலா தன் கையால் நட்ட சரிவு. வியாபாரிகள் அந்தச் சரிவின் ஒயினைத்தான் கேட்பார்கள். நானுலியின் கீழ்த்தோட்டத்து ஒயினை ஒரு வாய் வைத்துவிட்டு, ரொட்டி நன்றாக இருக்கிறதே என்பார்கள். விருந்தில் இறந்தவர்களுக்காகக் கிண்ணம் உயர்த்தும்போதெல்லாம் ரேவாஸின் குரல் இளகும். உயிரோடிருக்கும் பெண்டாட்டிக்கு அது ஒருநாளும் இளகியதில்லை. நானுலி அந்தக் கிளையை முறைத்தாள். மண்ணுக்குள் போயும் இவள் இடத்தை விடமாட்டாளா?

பதியன் அங்கேயே நிற்கவில்லை. எழுந்த நுனி மறுபடி வளைந்து மண்ணுக்குள் போய், அடுத்த வரிசையில் எழுந்தது. அங்கிருந்து அதற்கடுத்த வரிசையில், வீட்டை நோக்கி. கொடிகள் துளிர்விடும் முன்னாலேயே அது சமையலறைச் சுவரோரம் வந்துவிட்டது.

“இருந்துட்டுப் போகட்டுமே. அவ கொடி, நல்லாக் காய்க்கும்” என்றான் ரேவாஸ்.

அவ கொடி.

அன்று பொழுது சாயும்போது, ஈர மண்ணின் வாடையும் மண்ணில் புதைத்த ஒயின் தாழிகளிலிருந்து கசிந்த புளித்த வாசமும் மூக்கில் ஏற, கவாத்து செய்த கொடிகள் எல்லாம் வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விடும் சத்தம் சரிவு முழுக்கக் கேட்க, நானுலி கத்தியோடு சுவரோரம் மண்டியிட்டாள். பதியனை இழுத்துப் பார்த்தாள். நன்றாக வேர் பிடித்திருந்தது. மண்ணைத் தோண்டி, தாய்க்கொடியோடு அதை இணைத்த கிளையைப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. துடித்தது.

“ஒழிஞ்சு போ” என்று அறுத்தாள்.

கையில் சூடாக நீர் பீறிட்டது. மண்ணுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது. வேர் பிடித்த பதியனைத் தாயிடமிருந்து அறுத்தால் அது சாகாது. இனித் தனியாகப் பிழைக்கும். வருஷா வருஷம் அவளே செய்கிற வேலை. ஆத்திரத்தில் புத்தி போயிருந்தது.

பதியன் நின்ற இடத்தில் குழி. உள்ளிருந்து வெளியே தள்ளிய மண்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. நானுலி ஜன்னலோரம் போனாள்.

அவளுடைய நாற்காலியில் ஒருத்தி. தலைமுடியில் மண். வயிற்றருகே சட்டை நனைந்து நீர் வடிந்தது. ரேவாஸ் அவளுக்கு ஒயின் ஊற்றினான். அவன் குரல் இளகியிருந்தது.

“எங்க போயிட்டே நானுலி, இவ்வளவு நேரம்?”

“பதியன் அறுத்துட்டு வந்தேங்க” என்றாள் அவள், நானுலியின் குரலில்.

ஜன்னலுக்கு வெளியே நானுலி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.