வெதுவெதுப்பான மண்

அன்று காலை அவள் வெட்டியெடுத்த மண் வெதுவெதுப்பாக இருந்தது.

விடிந்தும் விடியாத நேரம். கோல்ஃப் மைதானம் முழுக்கப் பனி இறங்கி, குழி வெட்டும் கட்டரின் கைப்பிடி சில்லிட்டிருந்தது. தூரத்தில் புல் வெட்டும் வண்டி ஒன்று இருமிக்கொண்டே கிளம்பியது. ஈரப்புல்லும் டீசலும் கலந்த வாசனை மூக்கிலேயே நின்றது. இந்தக் குளிரில் மண்ணுக்கு மட்டும் எங்கிருந்து சூடு வரும்? கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் தலையை எடுத்த தலையணை போல இருந்தது.

ஆட்டக்காரர்கள் பந்தைத் தள்ளும் குழி தினமும் இடம் மாற வேண்டும். புது இடத்தில் கட்டரை இறக்கி, புல்லோடு சேர்த்து மண்ணை உருளையாக எடுத்து, அதைக் கொண்டே நேற்றைய குழியை அடைத்து மிதிக்க வேண்டும். பிறகு புதுக் குழிக்குள் கிண்ணத்தை இறக்கிக் கொடிக்கம்பத்தை நட்டால் வேலை முடிந்தது. நேற்றைய குழி இருந்த இடம் எவன் கண்ணிலும் படக் கூடாது.

வருஷக்கணக்கில் குனிந்து களை பிடுங்கி இடுப்பொடிந்த பிறகு கிடைத்த வேலை இது. 'குழியக்கா' என்று மற்றவர்கள் கிண்டலடித்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். "குழி தோண்டுறதெல்லாம் ஒரு உத்தியோகமா அண்ணி?" என்று கேட்ட நாத்தனாரிடம், "நீ வந்து ஒண்ணு தோண்டிக் காட்டு, அப்புறம் பேசு" என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் குளத்தோரம் இருந்த இந்தப் புல்தரையில் இதற்குமுன் குழி வெட்டிய ஆண்களில் ஒருவர்கூட நிலைக்கவில்லை. சூப்பர்வைசர் அதை மறைக்கவும் இல்லை.

"பயமா இருந்தா சொல்லிடும்மா. பழையபடி களை எடுக்கப் போயிடலாம்."

களை எடுக்கவா? செத்தாலும் போகமாட்டாள்.

பழைய குழியை அடைத்து, நன்றாக மிதித்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் ஈரமாக ஒரு சத்தம், யாரோ வாயைத் திறந்து மூடியது போல. அடைத்த இடம் விரல் உயரத்துக்கு மேடாகியிருந்தது. அடிமண்ணைச் சுரண்டாமல் அடைத்தால் இப்படித்தான் மேலே தள்ளும். அது கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு. அடைத்த மண்ணை வெளியே எடுத்து, அடியைச் சுரண்டி, மறுபடி பொருத்தி ஏறி நின்றாள். உள்ளங்காலுக்குக் கீழே அது மெதுவாக மேலே வந்தது.

அப்போதுதான் மற்றவற்றைப் பார்த்தாள். முந்தாநாள் குழி. அதற்கு முந்தினது. அவள் வேலைக்கு வருமுன்பே அடைக்கப்பட்டவை. புல்தரை முழுக்க வட்ட வட்டமாக மேடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அழுக்கேறிய தலையணை உறையின் எண்ணெய் வாடை அடித்தது. பயம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"யாரா இருந்தாலும் கீழயே கிட," என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

ஒவ்வொரு மேடாக மிதித்தாள். ஒன்று அமுங்கினால் இன்னொன்று எழுந்தது. மிதித்தாள். மூச்சு வாங்கியது. விடவில்லை.

இனி கிண்ணத்தை இறக்க வேண்டியதுதான் பாக்கி. புதுக் குழியின் பக்கத்தில் மண்டியிட்டு, உதிரி மண்ணை அள்ளக் கையை உள்ளே விட்டாள்.

விரலில் பட்டது வேர் இல்லை.

மயிர். ஈரமாக. வகிடெடுத்து வாரியிருந்தது. வகிட்டில் தோல். தோலில் சூடு.

அது அவள் விரல்களுக்கு எதிராக அசைந்தது. மெல்ல அண்ணாந்தது.

கையை உருவினாள். ஓடவில்லை. கிண்ணத்தை எடுத்து அதன்மேலேயே வைத்து, சுத்தியலால் அடித்தாள். இன்னொரு அடி. உள்ளே ஏதோ முனகியது. கம்பத்தைச் செருகினாள்.

சூப்பர்வைசரின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்காமலே கேட்டார்.

"என்னம்மா, முடிஞ்சுதா? களைக்கே போயிடறியா?"

"முடிஞ்சுது சார். நாளைக்கும் நான்தான் வருவேன்."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தானாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவள் திரும்பினாள். காற்றே இல்லை. கொடித்துணி நனைந்து தொங்கியது. கம்பம் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திரும்பி, மாட்டேன் என்றது. பிறகு உயரத் தொடங்கியது. அவள் சுத்தியலை ஓங்கினாள். புல் விரிந்து கிழிந்தது. கிண்ணம் வெளியே வந்தது. அதற்குக் கீழே நெற்றி.