கண் கட்டினால் திரும்பும் பக்கம்

கபீர் தப்பான பக்கம் திரும்பினான்.

அதில் பயப்பட ஏதும் இருப்பதாக டாக்டர் குருநாதனுக்கு முதலில் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. கீழக்கரையில் சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் அவர் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் கூடத்துத் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார். அதன் நடுவில் நின்று, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான். காதுக்குள் கோளாறு உள்ளவன், தான் நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டே, கெட்ட காதின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடுவான். சங்கு குளித்துக் குளித்துச் செவிப்பறை கிழிந்து போன கபீருக்குக் கெட்டது வலது காது. அவன் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவனோ இடப்பக்கமாகத் திரும்பி, தெற்குச் சுவரில் சட்டை மாட்டும் ஆணிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தான்.

“துணி வழியா கண்ணு தெரியுதா கபீரு?”

“இல்ல டாக்டரய்யா. கும்மிருட்டா இருக்கு.”

அடுத்து நெய்னா முகம்மது வந்தான். அவனுக்கு இடது காது. அவனும் ஆணியைப் பார்த்து நின்றான். அலியாருக்கு இரண்டு காதும் போனது; அவனும் ஆணியைத்தான் பார்த்தான். டாக்டர் அவர்களை வடக்கே பார்த்து நிறுத்தினார், மேற்கே பார்த்து நிறுத்தினார். கடல் இரைச்சலைக் கேட்டுத் திரும்புகிறார்களோ என்று காதில் மெழுகுப் பஞ்சை அடைத்தார். பின்கட்டுக்குக் கூட்டிப்போய் அங்கே நடக்க வைத்தார். எங்கே நிறுத்தினாலும், எப்படிச் சுற்றிவிட்டாலும், அந்த முகங்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல் தெற்கே வந்து நின்றன. தெற்கே சுவர். சுவருக்கு அப்பால் கிட்டங்கிகள். அதற்கும் அப்பால் கடல், கடலுக்குள் அவர்கள் சங்கு குளிக்கும் கடலடித் திட்டான பார்.

சென்னையில் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு இந்த நாற்றத்துக்குள் வந்து உட்கார்ந்ததற்குக் குருநாதன் ஊராரிடம் சொன்ன காரணம் ஆராய்ச்சி. உண்மையான காரணம் அடுக்களையில் இருந்தது. அவர் மனைவி உமையாளுக்குக் காதுக்குள் திடீரென்று இரைச்சல் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் வீடே சுழலும். பிடிக்க எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிடுவாள். உத்தரகோசமங்கையில் அவள் பிறந்த வீட்டுக் கிணற்றின் சுற்றுச்சுவர் இடிந்து போன மழைக்காலத்தில், தண்ணீர் இறைக்கப் போனவள் விளிம்பில் நின்று ஆடியிருக்கிறாள். வேலைக்காரி ராக்கு பின்னாலிருந்து சேலையைப் பற்றி இழுத்ததால் பிழைத்தாள். பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். குருநாதன் நம்பவில்லை. காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், உடம்பிலேயே கெட்டியான எலும்புக்குள் மூன்று சின்ன வளையங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் உப்பு நீர் அசைவதைக் கொண்டுதான் மனிதன் மேல் கீழ் அறிகிறான். அந்த நீர் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால் உமையாளை நிமிர்த்திவிடலாம். அதற்குக் காது கெட்டவர்கள் நிறைய வேண்டும். கீழக்கரையில் அதற்கா பஞ்சம்?

பஞ்சம் தண்ணீருக்குத்தான். இந்த ஆராய்ச்சியில் காதுக்குள் இளஞ்சூடாகவும் குளிர்ச்சியாகவும் மாற்றி மாற்றி நீரைப் பீச்ச வேண்டும். பீச்சியதும் கண்மணி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் துடிப்பதைக் கவனிக்க வேண்டும். கிழிந்த செவிப்பறையில் வெறும் தண்ணீர் பட்டால் எரியும். உப்பு நீர் வேண்டும். நல்ல தண்ணீரோ குடத்துக்கு அடிதடி நடக்கும் ஊர். டாக்டர் யோசித்தார். கண்ணெதிரே இவ்வளவு கடல் இருக்கும்போது உப்பு நீரைத் தயாரிக்க வேண்டுமா? கரையோரத் தண்ணீர் அழுக்கு. ஆகவே பாருக்குப் போகும் கபீரிடம் ஒரு தகரத்தைக் கொடுத்து, அடியாழத்துச் சுத்தமான நீரைக் கொண்டுவரச் சொன்னார். அதைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, உப்பு குறையக் கொஞ்சம் நல்ல தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு ரொம்பப் பெருமை. நோயாளிக்குச் செய்வதை முதலில் தனக்குச் செய்து பார்ப்பது அவர் பழக்கம். தன் காதில் முதலில் பீச்சிக்கொண்டார். பிறகு உமையாளுக்கு. பிறகு குளியாட்களுக்கு.

அந்த நீர் படாத ஆட்களை வரவழைத்துச் சோதித்தபோது அவர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே கெட்ட காதின் பக்கம் ஒழுங்காகத் திரும்பினார்கள். அப்போதுதான் குருநாதன் அந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்தார்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்த கபீரை உட்காரவைத்துக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“பார்த் தண்ணிய கரைக்குக் கொண்டாறதில்ல டாக்டரய்யா. முங்கி எந்திரிச்சா தலையச் சாய்ச்சு, காதுல இருக்கிறத அங்கனயே கொட்டிட்டுத்தான் வள்ளத்துல ஏறுவோம். எங்க வாப்பா காலத்துலயும் அப்படித்தான்.”

“அப்புறம் ஏன் கொண்டுவந்த?”

“நீங்க கேட்டுட்டீக. எங்க காதுக்கெல்லாம் மருந்து போடுறீக. ஒங்க மொகத்துக்கு நேரா எப்படி இல்லேங்கிறது?”

“கொண்டுவந்தா என்ன ஆகும்?”

“கூடவே வந்துரும்பாக.”

“எது?”

கபீர் எழுந்தான். மிச்சத் தண்ணீரைக் கொடுத்தால் பாரிலேயே ஊற்றிவிட்டு வருவதாகச் சொன்னான். டாக்டர் போய்த் தகரத்தை எடுத்து வந்தார். அது காலியாக இருந்தது. முழுவதையும் காதுகளுக்குள் ஊற்றித் தீர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு திசை நகர ஆரம்பித்தது. ஒரு நாள் அவர்கள் ஆணியைப் பார்க்கவில்லை. ஆணிக்குக் கிழக்கே, ஜன்னலைப் பார்த்தார்கள். மறுநாள் ஜன்னலையும் தாண்டி, தெருவாசலைப் பார்த்தார்கள். சங்குச் சதை அழுகும் நாற்றம் ஊருக்கே பழகியதுதான், கிட்டங்கிப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் வரும், காற்று நின்றால் போய்விடும். ஆனால் இப்போது கதவையும் ஜன்னலையும் சாத்திய பிறகும் கூடத்துக்குள் அது தங்கியது. அதோடு இன்னொரு வாடையும் இருந்தது. வெயிலே பட்டறியாத சேற்றின் வாடை. குருநாதன் ஊதுவத்தி கொளுத்தினார். தான் ஊதுவத்தி கொளுத்துவதை நினைத்து வெட்கப்பட்டார். ஆனாலும் கொளுத்தினார்.

ஒரு நாள் அந்தியில், மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் கபீரையும் நெய்னாவையும் அலியாரையும் கூடத்தின் மூன்று மூலைகளில் கண்ணைக் கட்டி நடக்கவிட்டார். வெளியே தூரத்தில் இருப்பதைப் பார்ப்பவர்கள் மூன்று பேரும் ஒரே பக்கம்தானே திரும்ப வேண்டும்? உள்ளறையில் படுத்திருந்த உமையாள் தண்ணீர் கேட்டாள். கொடுத்துவிட்டு, கையில் அரிக்கேன் விளக்கோடு அறைவாசலில் வந்து நின்று பார்த்தார். ஆறு பாதங்கள் தரையில் தப் தப்பென்று விழுந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

அறைவாசலை.

வீட்டுக்குள் வந்துவிட்டது. உமையாளிடம் வந்துவிட்டது. “அவிழுங்கப்பா, போதும், அவிழுங்க!” என்று கத்தினார். கட்டை அவிழ்த்த கபீர் அறைவாசலை ஒரு தடவை பார்த்தான், உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அம்மாவ இங்கன வச்சிருக்காதீக,” என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் போன பிறகு, குருநாதன் கதவைத் தாழிட்டுவிட்டுத் தானே வட்டத்துக்குள் நின்றார். முதலில் அந்த நீரை வாங்கியது அவர் காதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நீண்ட நேரம் நடந்தார். அவிழ்த்துப் பார்த்தபோது நின்ற இடத்தில் நின்றபடியே இருந்தார். ஓர் அங்குலம்கூட எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை! ஆறுதலில் அவருக்கு அழுகையே வந்தது. இனி உமையாளை மட்டும் காப்பாற்றினால் போதும். கடலைவிட்டு விலக்கிக் கொண்டுபோய்விட வேண்டும்.

காலையில் பஸ் ஏறினார்கள். உமையாள் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். ஸ்டாண்டில் கபீர் தனியாக நின்றிருந்தான். வழியனுப்ப வந்திருக்கிறான் என்று நினைத்துக் குருநாதன் கையசைத்தார். அவன் அசைக்கவில்லை. அவன் கண்கள் மூடியிருந்தன. பஸ் நகர்ந்தது, மூடிய கண்களோடு அவன் முகமும் நகர்ந்தது. பள்ளிவாசல் முனையில் பஸ் திரும்பியபோது அவனும் அதே அளவு திரும்பினான். குருநாதன் எட்டி உமையாள் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“வெயிலே இல்லையேங்க,” என்றாள் அவள்.

“இருக்கட்டும்.”

உத்தரகோசமங்கையில் அறுவடை நேரம். அவள் அண்ணன்மார், ராக்கு, எல்லாரும் வயலில் இருந்தார்கள். கடல் வாடையே இல்லாத வீடு. வைக்கோலும் மாட்டுச் சாணமும் மணத்தன. இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. உமையாளுக்கு மயக்கம் வரவில்லை. சோறு வடித்தாள், அண்ணன் பிள்ளைகளுக்குத் தலை பின்னினாள், சிரித்தாள்.

“காதுக்குள்ள ஒரு சத்தமும் இல்லீங்க,” என்றாள். “அமைதியா இருக்கு. இப்படி இருந்து எவ்வளவு காலமாச்சு!”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குருநாதன் டாக்டர். ஊர்ஜிதம் செய்துகொள்ளாமல் அவரால் சந்தோஷப்பட முடியாது. மூன்றாம் நாள் நண்பகல், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தபோது, தன் துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினார்.

“இங்க வந்துமா?” என்று சிணுங்கிவிட்டு, கையை நீட்டி நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள்.

அவர் எதிரே சுவரோரம் நின்று பார்த்தார். அவள் நேராக நடந்தாள். தெற்கே திரும்பவில்லை. எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கொலுசு ஒரே சீராகக் கேட்டது. நேராக, அவரைப் பார்த்து, அப்படியே. குருநாதன் வாய்விட்டுச் சிரித்தார். தாகமாக இருந்தது. தண்ணீர்ப் பானை மூலையில் இருந்தது. அதை நோக்கி நடந்தார்.

கொலுசுச் சத்தம் மாறியது.

திரும்பிப் பார்த்தார். உமையாள் மூலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

தற்செயல். வேறென்ன? கால்விரல் நுனியில் எழுந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், எதிர்ச்சுவருக்குப் போனார். அவள் முகம் மெதுவாக வந்தது. அவசரமே இல்லாமல். அவர் நின்றார். அவளும் நின்றாள், நேர் எதிரே, கைகள் நீண்டபடி.

மூன்று பேரும் அறைவாசலைப் பார்த்தார்களே. அறைவாசலில் விளக்கோடு நின்றது யார்? பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? வட்டத்துக்குள் ஓர் அங்குலம்கூடத் திரும்பாதது யார்?

வைக்கோல் வாடை போய்விட்டது. சேற்று வாடை. குளிர்ந்த சேறு. தன் மூச்சிலிருந்தே அது வருகிறது.

காதுக்குள் ஏதோ புரண்டது. வெதுவெதுப்பாக ஒரு கோடு கழுத்தில் இறங்கியது. தொட்டார். நாக்கில் வைத்தார். உப்பு.

“ஏங்க,” என்றாள் உமையாள், துண்டுக்குப் பின்னாலிருந்து. “ஒங்ககூட அது யாரு நிக்கிறது?”

போய்விட வேண்டும். இவளைவிட்டுத் தூரமாக, இவள் உயிரோடு இருக்கும்படி, எங்காவது. அந்த ஓர் எண்ணம்தான் இருந்தது அவரிடம். பின்வாசல் வழியாக ஓடினார். வெயில் கண்ணை அடித்தது. கொல்லையைக் கடந்தார், வேலியைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் ரோடு. வேலிக்கு முன்னால் கால்கள் நின்றன.

அவர் நிறுத்தவில்லை. கால்கள் நின்றன. உடம்பு தானாகத் திரும்பியது, வீட்டைப் பார்த்து.

உமையாள் பின்வாசலில் நின்றிருந்தாள். கண்ணில் துண்டு. நீட்டிய கைகள். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே நடந்தவள், வாசல்வரை வந்துவிட்டாள். இப்போது இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தாள். அடுத்த அடி. அவரைப் பார்த்து, ஒரே நேர்கோட்டில்.

அந்தக் கோட்டின் நடுவில், இடிந்த சுற்றுச்சுவரை இன்னும் எழுப்பாத அந்தக் கிணறு.

“உமையா! நில்லு!”

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். இடமோ வலமோ, பத்தடி. அவர் நகர்ந்தால் அவளும் திரும்பிவிடுவாள். கிணறு விலகிவிடும். நகரத்தான் பார்த்தார். உடம்பின் பலம் முழுவதையும் சேர்த்து நகரப் பார்த்தார்.

குனிந்து காலைப் பார்த்தார். வாயிலிருந்து கொட்டிய நீரில் நனைந்த வேலியோரத்துப் புழுதியில் அவருடைய இரண்டு பாதங்களும் மாறி மாறி எழுந்து, எழுந்த இடத்திலேயே விழுந்து, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. எதிரே கொலுசுச் சத்தம், ஒரே சீராக, கிணற்று விளிம்புக்கு வந்தது.