பிணைக்குப் போகாத துப்பாக்கி

சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கியின் குழல் எப்போதும் ஜன்னலைப் பார்த்திருக்கும். அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு முக்பில் மேல்மாடிக்கு ஏறி வந்தபோது அது உள்ளறைக் கதவைப் பார்த்திருந்தது. அந்த அறையில்தான் அவன் மகன் ஜுப்ரான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

"தகிய்யா, இதைத் தொட்டியா?"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "உங்க ரெண்டாவது பொண்டாட்டியை நான் எதுக்குத் தொடப்போறேன்?"

அவன் அதைப் பழையபடி திருப்பி மாட்டினான். தோல்வார் ஈரமாக இருந்தது.

ஊரில் அந்தத் துப்பாக்கிக்கு நோஞ்சான் இத்தாலியன் என்று பெயர். நாட்டை இமாம்கள் ஆண்ட காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய பட்டாளத்துச் சரக்கு. ஜெர்மன் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கலாஷ்னிகோவ் வந்த பிறகு சிரிக்கக்கூட ஆளில்லை. அவர்களுக்கு என்ன தெரியும், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பான் முக்பில். ஹராஸ் மலையில் படிக்கட்டு வயல்களில் ஏறி இறங்குகிறவனுக்கு அதைவிட வாகான துப்பாக்கி கிடையாது. குட்டையானது, கனமில்லாதது, கல்சுவரில் இடிக்காது, சுட்டால் தோளை உதைக்காது. தாழ்ப்பாளை இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வரும். கட்டையில் கன்னத்தை வைத்தால் அவனுக்கென்றே இழைத்ததுபோலப் பொருந்தும். பெற்ற பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்தறியாதவன், வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு நல்லெண்ணெய் தடவினான்.

அந்தப் பிள்ளைதான் போன வாரம் மூடுபனியில், போதைக்கு மெல்லும் காத் இலை ஏற்றிய லாரியை ஓட்டிவந்து, எதிர்மலை திர்ஹமின் மகன் ஹிஸாமை வளைவில் அடித்துக் கொன்றுவிட்டான். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனாலும் ரத்தம் ரத்தம்தான். கொன்றவனின் தகப்பன் தன் சொந்தத் துப்பாக்கியைச் செத்தவன் வீட்டார் முன்னால் பிணையாக நீட்ட வேண்டும். அவர்கள் இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொண்டால், தீர்ப்பு வரும்வரை மகன் உயிருக்குப் பயமில்லை. இரவல் துப்பாக்கியை நீட்டினால் அது பிணையே இல்லை.

முக்பில் நீட்டியது மச்சினன் ஷாயிஃபின் துப்பாக்கி.

"அந்தக் கம்பைக் குடுத்துத் தொலையேன் மச்சான்," என்று பிணை நீட்டப் போன அன்று காலையிலேயே ஷாயிஃப் சொன்னான். "என்னோடதை எதுக்குக் கேக்குறே?"

"போனா திரும்பி வராது."

"எது? அதுவா, உன் மகனா?"

"துப்பாக்கியைக் குடு. வாயைக் குடுக்காதே."

திர்ஹமின் முற்றத்தில் பிணம் கஃபன் துணியில் கிடந்தது. கிழவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் இரண்டு கைகளையும் ஏந்தினார். "உன் சொந்தத் துப்பாக்கிதானே முக்பில்? என் பிள்ளை கேட்டுட்டுக் கிடக்கான், சொல்லு."

"என்னோடதுதான்" என்றான் முக்பில்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி வயல் வயலாக ஏறி, காத் செடிகளை விழுங்கி, நாய்களின் குரைப்பை விழுங்கி, கல்சுவரின் இடுக்குகள் வழியே வீட்டுக்குள் கசிந்து, ஈரமண் வாசனையோடு, அந்த வீட்டில் இருக்க வழியே இல்லாத டீசல் வாசனையையும் கொண்டுவந்தது. முக்பில் துப்பாக்கியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

தலைக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகர்ந்தது. வெண்ணெய்போல. ஒருமுறை. மறுபடியும். மறுபடியும்.

பிறகு கிளிங் என்று ஒரு தகடு தரையில் விழுந்தது.

அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். தோட்டாக்களைக் கோத்த தகரக்கூட்டோடுதான் இந்தத் துப்பாக்கியை நிரப்ப வேண்டும். கடைசித் தோட்டா குழலுக்குள் ஏறியபிறகுதான் காலிக் கூடு அடியிலிருந்து கழன்று விழும். அவன் அதை நிரப்பவே இல்லை.

திரும்பினான். குழல் மறுபடியும் ஜுப்ரானின் கதவைப் பார்த்திருந்தது.

ஐயோ, என் பிள்ளை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்னும் காரியம் கெடவில்லை, ஓடிப்போய்த் திர்ஹம் காலில் விழுந்து, உண்மையைச் சொல்லி, இதைக் கொடுத்துவிடலாம். ஆணியிலிருந்து எடுத்தான். கட்டை பிணம்போலச் சில்லிட்டிருந்தது. குழலைக் கூரைக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டான சுழல்படிகளில் தடதடவென்று இறங்கி, கீழ்க்கதவின் மரத்தாழ்ப்பாளை விலக்கினான்.

வாசலில் ஹிஸாம் நின்றான்.

கஃபன் துணி முழங்கால்வரை டீசலில் கறுத்திருந்தது. மார்பு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. முகத்தில் கோபம் இல்லை. இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தான்.

முக்பிலுக்குப் புரிந்தது. கொடுத்தால் போதும். வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறான்.

நீட்டினான். துப்பாக்கி அந்த உள்ளங்கைகளைத் தொட்டது. விரல்களை விடச் சொன்னான். விடவில்லை. கட்டையின் வழவழப்பு விரல்களுக்கு அத்தனை பழக்கமாக, அத்தனை இதமாக இருந்தது. விடு. இன்னும் ஒரு நொடி. விடு. விரல்கள் இறுகின. தன்னையறியாமல் அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்.

ஹிஸாம் கைகளைத் தாழ்த்தினான். பக்கவாட்டில் நகர்ந்து, அவனைக் கடந்து, படியேறினான். ஈரக்காலடிகள். ஒவ்வொன்றாக. மேலே.

கத்தவேண்டும். வாய் திறக்கவில்லை.

"யாரு? அப்பாவா?" ஜுப்ரானின் குரல்.

உள்ளறைக் கதவு திறந்தது.

பிறகு நான்கு கால்களின் சத்தம் படியிறங்கி வந்தது. ஹிஸாம் முன்னால். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் எழுந்த குழந்தைபோல ஜுப்ரான். வெறுங்கால். தகப்பன் பக்கம் முகம் திரும்பவில்லை. இரண்டு பேரும் வாசலைத் தாண்டி, பள்ளத்தாக்கில் முடியும் வயலின் விளிம்புப் பக்கம், பனிக்குள் நடந்தார்கள். முதலில் கால்கள் மறைந்தன. பிறகு தோள்கள்.

"ஏங்க, ஜுப்ரானைக் கூப்பிடுங்க. ரொட்டி ஆறுது" என்று தகிய்யா மேலிருந்து குரல் கொடுத்தாள்.

முக்பில் வாசலில் நின்றான். கன்னம் கட்டையில் பதிந்திருந்தது. பொருத்தமாக.