டாம்பீஸ் வந்திருக்காரு

அண்ணனின் ஒரு கால் அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பால் பாக்கெட்டோடு சந்து முனையில் நின்ற தங்கை குட்டிக்குத் திக்கென்றது. அந்தப் பக்கம் பைக் ரிப்பேர் கடை. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். உள்ளே, யாரோ சர்வீஸுக்கு விட்ட புது பைக்.

"சீக்கிரம் குதிச்சு கேட்டைத் திறடா. ஒரே ஒரு ரவுண்டு, கொண்டுவந்து வச்சிடலாம்," என்றான் கீழே நின்ற பட்டாசு. பக்கத்தில் சோடா, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தான். இருவரும் அண்ணனின் வகுப்பு. ஆனால் அந்தச் சுவர் அண்ணனின் நெட்டைக் காலுக்குத்தான் எட்டியது.

அண்ணன் குதிக்கவில்லை. இறங்கவும் இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

'வேண்டாம்ணா' என்று கத்தலாமா? கத்தினால் பட்டாசு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அண்ணன் குதித்துவிடுவான். மீசை அரும்பியதிலிருந்து அவன் அப்படித்தான்.

முன்பெல்லாம் இப்படியா இருந்தான்? மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். கட்டில், சமையலறை, மறுபடி கட்டில். பிடிபடப்போகும் நேரம் பார்த்து குட்டி "டாம்பீஸ்" என்பாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் 'டைம் ப்ளீஸ்' அவள் வாயில் அப்படித்தான் வந்தது. உடனே அண்ணன் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றுவிடுவான். "ரெண்டும் கிறுக்கு பிடிச்சது" என்று அம்மா திட்டினாலும் அசையமாட்டான்.

குட்டி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, டாம்பீஸ் வந்திருக்காரு. உன்னை உடனே கூப்பிடுறாரு."

அண்ணன் சட்டென்று திரும்பினான்.

"யார்ரா அது டாம்பீஸ்?" என்றான் பட்டாசு.

"அப்பாவோட மேனேஜர்டா." அண்ணன் காலை இந்தப் பக்கம் போட்டான். "ரொம்பக் கண்டிப்பு. கூப்பிட்டா போய் நின்னே ஆகணும்."

"டீகூட குடிச்சு முடிச்சிட்டாரு," என்றாள் குட்டி.

அண்ணன் தொப்பென்று இறங்கினான்.

"போடா. நாளைக்கு வேற இடம் பாத்துக்குறோம். சோடா ஏறுவான்," என்று முணுமுணுத்தபடி பட்டாசு நடையைக் கட்டினான்.

சந்து முனையைத் தாண்டியதும் அண்ணன் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டான்.

"டாம்பீஸுக்கு வழுக்கையா?"

"நடுவுல மட்டும்."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

பின்னால் செருப்புச் சத்தம். சோடா மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"வீட்டுக்கு யாருமே வரல, இல்ல?"

குட்டி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"வரல," என்றாள்.

"எங்க வீட்ல என்னைக் கூப்பிட ஆளே கிடையாது. நாளைக்கு என்னையும் அந்த மாதிரி கூப்பிடுவியா?"

"கூப்பிடுறேண்ணா."

சோடாவின் முகம் மலர்ந்தது. மறு நொடியே வாடியது.

"ஆனா, நான் எந்தச் சுவர்மேல இருப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"