பாடத்திட்டத்தில் ஒரு சன்னல்

மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் கட்டப்பட்ட ஆழ்நகர்ப் பள்ளியில், கடலியல் வகுப்புக்கு மணி அடித்ததும் முதல் வேலை சன்னல்களை அடைப்பதுதான். வெளியே மீன் போனால் பிள்ளைகளின் கவனம் சிதறும் அல்லவா? எஃகு மடிப்புகள் இறங்கிக் கடலை மறைத்த பிறகு, எல்லோரும் காட்சிக்கவசத்தைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். கண்முன்னே கடல் விரியும். மீன்கள் வரிசையாக வந்து, தம் பெயரைச் சொல்லி, வணக்கம் வைத்துவிட்டுப் போகும்.

தலைமையாசிரியர் முனைவர் கோமதிநாயகத்துக்கு இந்த ஏற்பாட்டில் பெருமை அதிகம். 'ஆழ்கடல் கல்விச் செம்மல்' என்று பட்டம் வாங்கியவர். குடியேறிய நாளிலிருந்து நகரை விட்டு வெளியே போய்க் கால் நனைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆறாம் வகுப்பு அன்சிலாவுக்கு ஒரே ஆசை, வெளியே நீந்த வேண்டும். கடலியலில் தேறியவர்களுக்குத்தான் நீந்த அனுமதி. தேர்வில் 'நீ ஆராய்ந்த ஓர் உயிரி' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். அவள் உட்காரும் இடத்துச் சன்னலின் மடிப்பு துருப்பிடித்து, முழுதாக மூடாது. அந்த இடுக்கில் பல வாரம் பார்த்ததை எழுதினாள். இடப்பக்கப் பாறைப் பொந்தில் ஒரு பேய்க்கணவாய் வாழ்கிறது. எட்டுக் கையாலும் சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து வாசலில் அடுக்கிக் கதவுபோல் சாத்திக்கொள்கிறது. வம்புக்கு வரும் மீன்மேல் ஓட்டை விட்டெறிகிறது.

விடைத்தாள் திருத்தும் இயந்திரத்துக்குத் 'திருத்தி' என்று பெயர். அது பூஜ்யம் போட்டது. காரணம்: பாடத்தில் இல்லாத பேய்க்கணவாய்.

அன்சிலாவின் அம்மா சலேத்மேரி, நகரின் காற்றுக்குழாய்களைப் பராமரிப்பவள். வேலை உடுப்போடு நேரே பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"சார், என் பிள்ள கண்ணால பாத்தத எழுதிருக்கா. அதுக்குப் பூஜ்யமா?"

"கண்ணால பார்த்தா போதுமாம்மா? ஆய்வுன்னா ஆதாரம் வேண்டாமா?"

"ஆதாரம் அந்தா இருக்கு, சன்னலுக்கு அங்கிட்டு. மடிப்பத் தூக்குங்க."

"வகுப்பு நேரத்துல சன்னலைத் திறக்கவா! எந்த விதியில இருக்கு?"

"அப்பச் சரி. உங்க ரூமுக்குக் காத்து வரலன்னு என்னையக் கூப்பிடுவீங்கல்லா, அன்னைக்கு நானும் விதியப் பாத்துட்டே வாறேன்."

மடிப்பு மேலே போனது. பேய்க்கணவாய் தலைமையாசிரியரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு ஒரு சிப்பி ஓட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் எறிந்தது.

அடுத்த மாதமே கோமதிநாயகம் 'சன்னல்வழிக் கல்வி' பற்றி மாநாட்டில் பேசிப் பொன்னாடை வாங்கிவிட்டார். அன்சிலாவின் கட்டுரையைப் பாடத்தில் சேர்த்தார்கள். பேய்க்கணவாய் காட்சிக்கவசத்துக்குள் ஏறியது. கடலடிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் சன்னலை அடைத்துவிட்டுச் சன்னல் பாடத்தை ஒப்பித்தார்கள். அன்சிலாவின் பூஜ்யம் மட்டும் அப்படியே இருந்தது. ஒருமுறை மூடிய தாளை அந்த இயந்திரம் மறுபடி திறக்காதாம். மறுதேர்வு எழுதச் சொன்னார்கள்.

கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'சன்னல் பேய்க்கணவாய் பற்றி எழுதுக.' இடுக்கை அவள் விடவில்லையே! பொந்தின் கூரையில் அது சரம்சரமாக முட்டைகளைத் தொங்கவிட்டதை எழுதினாள். இரை தின்னாமல், முட்டைகள்மேல் நீரை ஊதி ஊதி நாளுக்கு நாள் வெளுத்துப்போனதை எழுதினாள். கடைசிக் குஞ்சு நீந்திப் போன அன்றே அது செத்ததையும், பொந்து காலியாகக் கிடப்பதையும் எழுதினாள்.

மறுபடி பூஜ்யம். 'மாதிரி விடைக்கு முரணானது' என்றது திருத்தி. கீழே மாதிரி விடையையும், அதை எழுதியவர் பெயரையும் காட்டியது: அன்சிலா, ஆறாம் வகுப்பு.

சலேத்மேரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்தத் தடவை பள்ளிக்குப் போகவில்லை. மகளைப் பிடித்து எதிரே உட்காரவைத்தாள்.

"ஏட்டி, ஊர்ப் பிள்ளையெல்லாம் ஒன் கட்டுரைய ஒப்பிச்சுட்டு வெளிய நீந்துது. எழுதுன நீ உள்ள கெடக்க. வெக்கமா இல்ல?"

வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் பள்ளிப் பக்கத்துப் பாறை தெரிந்தது. அனுமதி வாங்கிய பிள்ளைகள் அந்தக் காலிப் பொந்தைச் சுற்றி மிதந்தபடி, தங்கள் கவசத்துக்குள் தெரிந்த பேய்க்கணவாய்க்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அது செத்துப்போச்சும்மா."

சலேத்மேரி எழுந்து அந்தச் சன்னலை அடைத்தாள்.

"பரீட்ச முடியுத வரைக்கும் அது உயிரோடதான் இருக்கு. ம், மொதல்ல இருந்து சொல்லு."